பியானோ துணையுடன் ட்ரம்பெட் தனி வாசிப்பு: முதல் மேடைக்குத் தயாராகும் முறை

பேண்டு குழுவிலோ ஆர்க்கெஸ்ட்ராவிலோ மற்றவர்களோடு சேர்ந்து ட்ரம்பெட் வாசித்துப் பழகியவர்கள், முதன்முறையாகப் பியானோ துணையுடன் தனியே ஓர் உருப்படியை மேடையில் வாசிக்க ஒப்புக்கொண்டபின், எங்கிருந்து தொடங்குவது என்று தடுமாறுவதுண்டு. குழுவில் வாசிக்கும்போது உதடு களைத்துப்போனால் ஓரிரு பார்களை (இசைத்தாளில் செங்குத்துக் கோடுகளுக்கு இடைப்பட்ட தாளப் பகுதிகளை) விட்டுவிடலாம். பக்கத்தில் இருப்பவர் இழுத்துக்கொண்டு போவார். தனி வாசிப்பில் அதற்கு வழியில்லை. அதோடு, துணைக்கு வருவது சுருதியை இம்மியும் மாற்றிக்கொள்ள முடியாத ஒரு வாத்தியம். அதை வாசிப்பவரோ உங்கள் மூச்சைப் பார்த்துத் தம் விரல்களை இறக்க வேண்டியவர். ஆகவே இந்தத் தயாரிப்பில் பாதி உங்கள் உதட்டையும் மூச்சையும் பற்றியது; மறுபாதி இன்னொருவரோடு சேர்ந்து வாசிப்பதைப் பற்றியது. பெரும்பாலானவர்கள் முதல் பாதிக்கே எல்லா நாட்களையும் செலவிட்டுவிட்டு, இரண்டாவதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். கச்சேரிக்கு எட்டு அல்லது பத்து வாரம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு, இரண்டையும் தொடக்கத்திலிருந்தே இணைத்துக் கொண்டுபோவதற்கான வரிசையைக் கீழே தருகிறேன்.

உருப்படியைத் தேர்ந்தெடுத்தல்

முதல் தனி வாசிப்புக்கு ஆறு முதல் எட்டு நிமிடத்துக்குள் முடியும் உருப்படி போதும் என்பது என் கருத்து. நிமிடக் கணக்கைவிட முக்கியமானது, அதற்குள் ட்ரம்பெட்டுக்கு எவ்வளவு ஓய்வு கிடைக்கிறது என்பதுதான். இடைவிடாமல் ஊத வேண்டிய ஐந்து நிமிட உருப்படி, நடுநடுவே பியானோ தனியாக வாசிக்கும் எட்டு நிமிட உருப்படியைவிட உதட்டுக்குக் கடினம். உருப்படியில் வரும் உச்ச சுரத்தை இப்படிச் சோதித்துப் பாருங்கள்: வழக்கமான ஒரு மணி நேரச் சாதகத்தின் முடிவில், உதடு களைத்திருக்கும் நிலையில், அந்தச் சுரத்தை நல்ல நாதத்துடன் அடுத்தடுத்து மூன்று முறை எட்ட முடிகிறதா? முடியவில்லையென்றால் அந்த உருப்படியை இன்னொரு கச்சேரிக்கு எடுத்துவைப்பதே நல்லது. காலையில் உதடு தெளிவாக இருக்கும்போது ஒருமுறை எட்டிவிட்டதை நம்பித் தேர்வு செய்யக் கூடாது.

ட்ரம்பெட்டும் பியானோவும் சேர்ந்து வாசிப்பதற்கென்றே எழுதப்பட்டவை ஒரு வகை. ருமேனிய இசையமைப்பாளர் எனெஸ்கு 1906இல் எழுதிய ‘லெஜாந்த்’, ஜெர்மானிய இசையமைப்பாளர் ஹிண்டமித் 1939இல் எழுதிய சொனாட்டா ஆகியவை இவ்வகையில் புகழ்பெற்றவை. இரண்டும் புதியவர்கள் வாசிக்கக் கூடியவை அல்ல என்றாலும், இரு வாத்தியங்களும் எப்படிச் சரிசமமாகப் பேசிக்கொள்கின்றன என்பதை அறிய அவற்றைக் கட்டாயம் கேட்க வேண்டும். கான்செர்ட்டோவின் (ஒரு தனி வாத்தியமும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் உருப்படியின்) ஆர்க்கெஸ்ட்ரா பகுதியைப் பியானோவுக்கு அடக்கிச் சுருக்கி அமைத்தவை இன்னொரு வகை. ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஹைடன் 1796இல் எழுதிய ஈ பிளாட் மேஜர் கான்செர்ட்டோவைப் பெரும்பாலான மாணவர்கள் இந்தச் சுருக்க வடிவில்தான் முதலில் வாசிக்கிறார்கள். பல வாத்தியங்களுக்கு உரியதைப் பத்து விரல்களுக்குள் அடக்கியிருப்பதால், இத்தகைய பியானோ பகுதி சில இடங்களில் விரலுக்கு ஒவ்வாததாக இருக்கும். அனுபவமுள்ள பியானோ கலைஞர் எந்தச் சுரங்களை விட்டுவிடலாம் என்று அறிந்து அவற்றை விட்டுவிடுவார், அதை ஒரு குறையாகக் கொள்ளாதீர்கள். மேலும், ட்ரம்பெட் நுழைவதற்கு முன் இவற்றில் நீண்ட முன்னிசை வரும். ஆர்க்கெஸ்ட்ரா வாசிக்கையில் கம்பீரமாக இருக்கும் அந்தப் பகுதி, தனிப் பியானோவில் சற்று நீளமாகத் தோன்றுவதோடு, அது முடியும்வரை சும்மா நிற்கும் உங்கள் உதட்டையும் மவுத்பீஸையும் (உதடு வைத்து ஊதும் முனையையும்) ஆறவிட்டுவிடும். எங்கே வெட்டி எங்கே சேர்ப்பது என்று இருவரும் பேசி முடிவு செய்து, இருவர் தாளிலும் அதே பார்களைப் பென்சிலால் குறித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு தாள்களையும் படித்தல்

ட்ரம்பெட்டுக்கான தாளும் பியானோ ஸ்கோரும் (இரு வாத்தியங்களின் பகுதிகளும் சேர்ந்த தாளும்) ஒரே பதிப்பாக இருக்கட்டும். வெவ்வேறு பதிப்புகளில் பார் எண்களும் ஒத்திகைக் குறி எழுத்துகளும் மாறுபடுவதால், ஒத்திகையில் நேரம் வீணாகும். வாங்கும்போதே தாள் எந்தக் கருவிக்கு உரியது என்றும் பாருங்கள். நம்மில் பெரும்பாலோர் வைத்திருக்கும் பி பிளாட் ட்ரம்பெட்டில், சி என்று எழுதியிருப்பதை வாசித்தால் பியானோவின் பி பிளாட் ஒலிக்கும். அதாவது எழுதியிருப்பதைவிட ஒரு முழுச்சுரம் கீழே கேட்கும். ஹைடனின் கான்செர்ட்டோ ஈ பிளாட்டில் இருந்தாலும் பி பிளாட் ட்ரம்பெட் தாளில் அது எஃப் மேஜரில் எழுதப்பட்டிருப்பதற்குக் காரணம் இதுதான். பியானோ கலைஞர் ‘நீங்கள் எஃப் வாசிக்கும் இடம்’ என்று சொன்னால், உங்கள் தாளில் அது ஜி. இந்தக் குழப்பத்தைத் தவிர்க்க, சுரப் பெயரைச் சொல்வதைவிடப் பார் எண்ணைச் சொல்லிப் பேசுவது எளிது.

கருவியைக் கையில் எடுப்பதற்கு முன்பே பியானோ ஸ்கோரோடு ஒரு மாலைப் பொழுதைச் செலவிடுங்கள். நல்ல ஒலிப்பதிவு ஒன்றைக் கேட்டுக்கொண்டே ஸ்கோரை விரலால் தொடர்ந்து வந்தால், உங்களுக்கு ஓய்வாக விடப்பட்ட இடங்களில் என்ன நடக்கிறது என்பது தெரியவரும். தாளில் பதினாறு பார் ஓய்வு என்று ஒரு தடித்த கோடும் எண்ணும் மட்டுமே இருக்கும். அந்தப் பதினாறில் கடைசி இரண்டு பார்களில் பியானோவின் வலது கை வாசிக்கும் மெட்டை, ஒரு முழுச்சுரம் ஏற்றி, உங்கள் தாளில் சிறு எழுத்தில் எழுதிவிடுங்கள். மேடையில் எண்ணிக்கை தவறினாலும் அந்த மெட்டு காதில் விழுந்த நொடியில் உங்கள் எடுப்பு எங்கே என்று தெரிந்துவிடும். எண்ணுவதை மட்டும் நம்பி நிற்பவரின் முகத்தில் தெரியும் பதற்றம், காது கொடுத்து நிற்பவரிடம் இருக்காது.

பியானோ கலைஞருக்கு அவருடைய ஸ்கோரை ஆறு வாரம் முன்பாவது கொடுத்துவிட வேண்டும். அதில் வெட்டுகள், நீங்கள் எண்ணியிருக்கும் காலப்பிரமாணம், மூச்சுக்காகச் சற்று நேரம் எடுக்கும் இடங்கள் ஆகியவை தெளிவாகக் குறிக்கப்பட்டிருக்கட்டும்.

சாதகத்தை வகுத்துக்கொள்ளுதல்

முதல் இரண்டு வாரம் உருப்படியை முழுவதுமாக வாசிக்க முயலாதீர்கள். கடினமான நான்கைந்து இடங்களை மட்டும் பிரித்தெடுத்து, தாளம் காட்டும் மெட்ரோனோமைப் பாதி வேகத்தில் வைத்து, ஒவ்வொன்றையும் மூன்று நிலையாகப் பழகலாம்: முதலில் ஊதாமல் வால்வுகளை மட்டும் அழுத்திக்கொண்டு வாயால் பாடுவது, அடுத்து மவுத்பீஸில் மட்டும் வாசிப்பது, அதன்பின் கருவியில் வாசிப்பது. வாயால் பாட வராத சுர இடைவெளியை உதடு தானாகக் கண்டுபிடிக்காது. ஒரே விரலமைப்பில் பல சுரங்கள் பிறக்கும் இந்தக் கருவியில், அடுத்த சுரம் காதில் முன்கூட்டியே கேட்டால்தான் உதடு அதில் போய் அமரும். விரலை மட்டும் பழக்கும் நிலையில் உதட்டுக்குச் சிரமமே இல்லை என்பதால், நாளின் எந்த நேரத்திலும் இதைச் செய்யலாம்.

மூச்சு எடுக்கும் இடங்களை முதல் வாரத்திலேயே தாளில் குறித்துவிடுங்கள். மூச்சு முட்டும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தால், அது மெட்டு முறியும் இடத்தில்தான் வந்து முட்டும். மேடையில் பதற்றத்தால் மூச்சு சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதை மனத்தில் கொண்டு, அவசியமான இடங்களோடு ‘தேவைப்பட்டால் மட்டும்’ என்று ஓரிரு இடங்களையும் அடைப்புக்குள் குறித்து வைப்பது பெரும் உதவியாக இருக்கும்.

மூன்றாம் வாரத்திலிருந்து உதட்டின் தாங்குதிறனைக் கணக்கிட்டுச் சாதகம் செய்ய வேண்டும். ஊதிய நேரத்துக்குச் சமமான நேரம் ஓய்வெடுப்பது என்பது பித்தளைக் கருவி ஆசிரியர்கள் பெரும்பாலும் சொல்லும் விதி; இதைக் கடைப்பிடிப்பவர்கள் ஒரு மாதத்தில் பெறும் வலுவை, இரண்டு மணி நேரம் ஒரே மூச்சாக ஊதி உதட்டை வீங்கவைத்துக்கொள்பவர்கள் பெறுவதில்லை. களைப்பின் முதல் அறிகுறி மவுத்பீஸை உதட்டில் அழுத்துவது. அழுத்தினால் அந்த நேரத்துக்கு மட்டும் உச்ச சுரம் வந்துவிடும். ஆனால் உதட்டில் இரத்த ஓட்டம் குறைந்து, அடுத்த பக்கத்தில் நடுத்தரச் சுரங்களே நடுங்கத் தொடங்கும். அழுத்துகிறோம் என்று உணர்ந்த கணத்தில் கருவியைக் கீழே வைத்துவிடுவதுதான் ஒழுங்கு.

ஐந்தாம் வாரத்திலிருந்து, வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை மட்டும், உருப்படியைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை நிறுத்தாமல் வாசியுங்கள். அப்போது ஓய்வுப் பார்களைத் தாண்டிப் போகாமல், பியானோ பகுதியை மனத்தில் கேட்டபடி முழு நேரமும் காத்திருக்க வேண்டும். தனியே சாதகம் செய்பவர்களில் அநேகர் ஓய்வைத் தாண்டிவிடுகிறார்கள். அதனால் உருப்படி உண்மையில் இருப்பதைவிடக் கடினமாகத் தோன்றுகிறது, உதடு எங்கே மீண்டு வருகிறது என்பதும் தெரியாமல் போகிறது. ஓய்வில் என்ன செய்வது என்பதையும் சேர்த்தே பழகுங்கள்: எந்த ஓய்வில் மவுத்பீஸை உதட்டிலிருந்து எடுப்பது, எதில் நீர்ச்சாவியைத் திறந்து கருவிக்குள் சேர்ந்த ஈரத்தை வெளியேற்றுவது, மியூட் (கருவியின் வாயில் செருகும் ஒலி மாற்றி) பொருத்துவதாக இருந்தால் எத்தனை பார்களில் அது முடிகிறது.

சுருதி

இந்தத் தயாரிப்பில் நான் மிகுந்த அக்கறை கொள்ளும் பகுதி இது. பியானோவின் ஏ சுரம் 440 ஹெர்ட்ஸில் (வினாடிக்கு 440 அதிர்வில்) சேர்க்கப்பட்டிருக்கலாம், 442இல் சேர்க்கப்பட்டிருக்கலாம். எதுவாயினும் இணங்கிப் போக வேண்டியவர் நீங்கள்தான். ட்ரம்பெட்டோ சூட்டுக்குச் சூடு சுருதி மாறும் கருவி. வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் கூடினால் காற்றில் ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 6 மீட்டர் கூடுகிறது. ஆகவே கருவிக்குள் இருக்கும் காற்று சூடாகச் சூடாகச் சுருதி ஏறும். குளிர்ந்த கருவியில் சுருதி சேர்த்துவிட்டு வாசிக்கத் தொடங்கினால், சில நிமிடங்களில் பியானோவைவிட மேலே போய்விடுவீர்கள். ஐந்து நிமிடமாவது ஊதிக் கருவியைச் சூடாக்கியபின், பியானோ கலைஞரிடம் பி பிளாட்டைக் கேட்டு வாங்கி, உடனே ஊதிவிடாமல் முதலில் அதை மனத்துக்குள் முனகிப் பார்த்து, பிறகு உங்கள் சியை மிதமான ஒலியில் வாசியுங்கள். மேலே இருந்தால் முதன்மைச் சுருதிக் குழாயைச் சற்று வெளியே இழுக்க வேண்டும். கீழே இருந்தால் உள்ளே தள்ள வேண்டும்.

ஒரு சுரம் சேர்ந்துவிட்டதால் எல்லாச் சுரமும் சேர்ந்துவிடாது. கீழ் ஸ்தாயியில் ஒன்றும் மூன்றும் வால்வு சேர்ந்து வரும் டி, மூன்று வால்வும் சேர்ந்து வரும் சி ஷார்ப் ஆகிய இரண்டும் கருவியின் அமைப்பாலேயே மேலே நிற்கும். இடது மோதிர விரல் மூன்றாம் வால்வுக் குழாயின் வளையத்தில் இருப்பது இதற்காகவே: டிக்கு மூன்றாம் வால்வின் குழாயைக் கொஞ்சம் நீட்டவும், சி ஷார்ப்புக்கு அதைவிட அதிகமாக நீட்டவும் வேண்டும். வேகமான ஓட்டத்தில் இதற்கு நேரம் இருக்காது, தேவையும் இல்லை. ஆனால் ஒரு வாக்கியம் அந்த டியில் வந்து நின்று, கீழே பியானோ அதே சுரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தால், குழாய் நீட்டப்படாத டி அரங்கின் கடைசி வரிசைவரை உறுத்தும். அந்தக் குழாய் எண்ணெய் காயாமல் விரல் அசைவுக்கே வழுக்கும்படி இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

இதற்கு நேர்மாறான சிக்கல், ஐந்து கோட்டில் மேலிருந்து முதல் இடைவெளியில் எழுதப்படும் ஈயில் உள்ளது. வால்வு அழுத்தாமல் வரும் அந்த ஈ, கருவியின் இயற்கைச் சுர வரிசையில் ஐந்தாவது. பியானோவின் சமப்படுத்திய சுரத்தோடு ஒப்பிட்டால் அது சுமார் 14 சென்ட் கீழே விழும். 100 சென்ட் சேர்ந்தால் ஓர் அரைச்சுரம் என்பதால், காது கூர்மையானவர்களுக்கு இந்த வித்தியாசம் தெளிவாகவே கேட்கும். அதற்குக் கீழே உள்ள ஈ பிளாட்டும் டியும் இதே தாழ்வை உடையவை. நீண்ட கார்வையில் இவை வந்தால் மாற்று விரலமைப்பை முயன்று பார்க்கலாம்: ஈக்கு ஒன்று-இரண்டு, ஈ பிளாட்டுக்கு இரண்டு-மூன்று, டிக்கு ஒன்று-மூன்று. நாதம் சற்று மாறும் என்பதால், எந்த இடத்தில் எது பொருந்துகிறது என்பதைப் பியானோவோடு வாசித்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். வீட்டில் டியூனரைப் பார்த்துக்கொண்டு பழகுவதைவிட, பியானோ கலைஞரை மெதுவாக ஒவ்வொரு ஸ்வரக்கூட்டாகப் பிடிக்கச் சொல்லி, அதன்மேல் உங்கள் நீண்ட சுரங்களை நிறுத்திப் பழகுவது பலமடங்கு பயன் தரும். மியூட் பயன்படுத்தும் இடங்களைத் தனியாகச் சோதியுங்கள். பல மியூட்டுகள் சுருதியை ஏற்றிவிடும்.

சேர்ந்து ஒத்திகை பார்த்தல்

குறைந்தது மூன்று ஒத்திகைகளுக்கு நேரம் கேளுங்கள். அவற்றில் முதலாவது கச்சேரிக்கு நான்கு வாரம் முன்பே நடக்கட்டும். அந்த முதல் ஒத்திகையில் சுத்தமாக வாசிப்பதை எதிர்பார்க்க வேண்டாம். காலப்பிரமாணத்தை ஒப்புக்கொள்வதும், வெட்டுகள் சரியாகச் சேர்கின்றனவா என்று பார்ப்பதும், பக்கம் புரட்ட முடியாத இடங்களைக் கண்டறிவதும் போதும். பக்கம் புரட்ட ஒருவர் தேவையென்றால் அவரை இப்போதே ஏற்பாடு செய்துவிடலாம்.

இருவரும் ஒரே நொடியில் தொடங்குவதுதான் புதியவர்களுக்கு மிகவும் கடினமாக இருக்கிறது. பியானோவில் விரல் இறங்கினால் ஒலி அப்போதே பிறந்துவிடும். ட்ரம்பெட்டில் மூச்சு, நாக்கு, உதடு என்று ஒரு வரிசை நடந்தாக வேண்டும். ஆகவே தொடங்குவதற்கு ஒரு தாள அடி முன்பாக, உருப்படியின் அதே வேகத்தில், பியானோ கலைஞர் பார்க்கும்படி மூச்சை உள்ளே இழுங்கள்; கருவியின் வாய் லேசாக மேலெழுந்து இறங்கட்டும். மெதுவான பகுதிக்கு மெதுவான மூச்சு, துரிதப் பகுதிக்குத் துரிதமான மூச்சு. உள்ளே இழுத்த மூச்சைத் தொண்டையில் ஒரு கணம் நிறுத்தி வைத்துவிட்டு ஊதினால் குறிப்பு குலைந்துவிடும்: அவர் இறங்கிவிட்டிருப்பார், நீங்கள் பின்தங்கியிருப்பீர்கள். ஊஞ்சல் உச்சிக்குப் போய் நிற்காமல் திரும்புவதுபோல, உள்மூச்சு நிற்காமல் வெளிமூச்சாகத் திரும்ப வேண்டும். ஒத்திகையில் முதல் இரண்டு சுரங்களை மட்டும் பத்துப் பன்னிரண்டு முறை தொடங்கிப் பாருங்கள். அந்தச் சில நிமிடம் அரை மணி நேர வாசிப்பைவிட மதிப்புள்ளது.

காலம் தளரும் இடங்களிலும் கார்வைகளிலும் யார் வழிநடத்துவது என்பதை வாய்விட்டுப் பேசிவிடுங்கள். ‘இந்தக் கார்வையை நான் முடித்து மூச்சு எடுத்தபின் நீங்கள் இறங்குங்கள், அடுத்த பக்கத்தில் வேகம் தளர்வது உங்கள் கையில் இருக்கட்டும், நான் பின்தொடர்கிறேன்’ என்று சொன்னால் போதும். பியானோ கலைஞர் உங்களைவிட அனுபவசாலியாக இருந்தால், அவர் கருத்தையும் கேளுங்கள். ட்ரம்பெட் தாளில் ஒற்றை வரியாகத் தெரிவது, ஸ்கோரில் வேறொரு பொருள் கொண்டிருப்பதை அவர் பார்த்திருப்பார். மெட்டு பியானோவின் கையில் இருந்து, நீங்கள் நீண்ட சுரம் பிடித்திருக்கும் இடங்களில், ஒலியைக் குறைத்து அவருக்கு வழிவிட வேண்டும். நாம்தான் தனி வாசிப்பாளர் என்ற நினைப்பில் அந்த இடங்களையும் உரக்க ஊதிவிடுவது பரவலாகக் காணும் குறை.

தடம் தவறினால் எங்கே சேர்வது என்பதையும் முடிவு செய்யுங்கள். ஒத்திகைக் குறிகளில் இரண்டு மூன்றைச் சந்திப்பு இடங்களாக வைத்துக்கொண்டு, வேண்டுமென்றே நடுவில் நான்கு பார்களைத் தாண்டிப் பார்த்து, அங்கே இருவரும் சேர்கிறோமா என்று சோதிக்கலாம். ஒவ்வொரு ஒத்திகையையும் ஒலிப்பதிவு செய்து, மறுநாள் ஸ்கோரை வைத்துக்கொண்டு கேளுங்கள்.

அரங்கில் நிற்கும் இடம்

கிராண்ட் பியானோவானால், அதன் உடல் உள்வளையும் இடத்தில், பியானோ கலைஞர் தலையைச் சற்றே திருப்பினால் உங்கள் தோளும் கருவியின் வாயும் தெரியும்படி நிற்பது வழக்கம். தாள் தாங்கியைத் தாழ்த்தி, ஒரு பக்கமாகத் தள்ளி வையுங்கள். கருவியின் வாய்க்கு நேரே நிற்கும் தாங்கி, ஒலியை விழுங்கிவிடும். கருவியைப் பியானோவின் உள்ளே பார்த்து ஊதக் கூடாது: பெடல் அழுத்தியிருக்கும்போது கம்பிகள் உங்கள் சுரங்களுக்கு எதிரொலித்துக் கலங்கலாகக் கேட்கும். (இந்த எதிரொலியையே இசையாக்கி இத்தாலிய இசையமைப்பாளர் லூசியானோ பெரியோ 1984இல் ட்ரம்பெட்டுக்கு ஓர் உருப்படி எழுதியிருக்கிறார், அங்கே அது வேண்டப்படுவது, இங்கே வேண்டாதது.) பியானோவின் மூடியை முழுவதும் திறப்பதா, குட்டைக் கோலில் நிறுத்துவதா என்பதை மேடையில் இருந்துகொண்டு முடிவு செய்ய இயலாது. காது நம்பகமான ஒருவரை அரங்கின் நடுவில் உட்காரவைத்து, உருப்படியின் மிக மெல்லிய பகுதியையும் மிக உரத்த பகுதியையும் வாசித்துக் காட்டுங்கள். எதிரொலி மிகுந்த அரங்கானால் குறுஞ்சுரங்களை இன்னும் குறுக்கி, துரிதப் பகுதியைச் சற்று நிதானமாக எடுக்க வேண்டியிருக்கும்.

கடைசி வாரமும் கச்சேரி நாளும்

கடைசி வாரத்தில் புதிதாக எதையும் கற்க முடியாது. உதட்டைக் கெடுத்துக்கொள்ள மட்டுமே முடியும். முழு வாசிப்பை இருமுறையோடு நிறுத்திக்கொண்டு, மற்ற நாட்களில் நீண்ட சுரங்களும் மென்மையான பயிற்சிகளும் போதும். மவுத்பீஸையோ கருவியையோ இப்போது மாற்றவே கூடாது. இருபது நிமிடம் அசையாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, எழுந்து, ஒரு சுரமும் ஊதிப் பார்க்காமல் உருப்படியின் முதல் வாக்கியத்தை வாசித்துப் பழகுங்கள். உங்களுக்கு முன்னால் இன்னொருவர் வாசித்து முடிக்கும்வரை பக்கத்து அறையில் காத்திருக்க நேர்ந்தால், மேடையில் நிலைமை இதுதான்.

கச்சேரி நாளில் காலை பதினைந்து நிமிட மென்மையான வாசிப்பும், மேடைக்கு அரை மணி முன்பாக மீண்டும் சிறிது வாசிப்பும் போதுமானவை. வால்வு எண்ணெய், பென்சில், தாளின் ஒரு கூடுதல் பிரதி, குடிநீர், மியூட் தேவையென்றால் அது ஆகியவை ஒரே பையில் இருக்கட்டும். இடுப்பையும் விலாவையும் இறுக்கும் உடை மூச்சைக் கெடுக்கும். காத்திருக்கையில் மவுத்பீஸைக் கைக்குள் பொத்தி வைத்திருந்தால் அது குளிராது.

மேடையேறி வணங்கியபின் சுருதி சேர்ப்பதற்கு அவசரப்படாதீர்கள். கேட்பவர்கள் அந்த அரை நிமிடம் காத்திருப்பார்கள். பிறகு முதல் இரண்டு பார்களை மனத்துக்குள் சரியான காலப்பிரமாணத்தில் ஓடவிட்டு, பியானோ கலைஞரைப் பார்த்து, அவர் தயார் என்று தெரிந்தபின் மூச்சை எடுங்கள். வாசிப்பின் நடுவே ஒரு சுரம் உடைந்தால் முகத்தில் காட்டாமல் அடுத்த மூச்சுக்குறியை நோக்கிப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். பியானோ நிற்காது, நிற்கவும் கூடாது. கடைசி சுரத்துக்குப்பின் பியானோவின் ஒலி அடங்கி, அவர் பெடலிலிருந்து காலை எடுக்கும்வரை கருவியை இறக்காதீர்கள். கைதட்டலின்போது கை நீட்டி அவரையும் எழச்செய்து, இருவரும் சேர்ந்து வணங்குங்கள். அதன்பின் பக்கத்து அறைக்குப் போய், கீழ் ஸ்தாயியில் மிக மெல்லிய நீண்ட சுரங்களை ஐந்து நிமிடம் ஊதிவிட்டுக் கருவியைப் பெட்டியில் வைத்தால், மறுநாள் உதடு விறைப்பில்லாமல் சாதகத்துக்கு இணங்கும்.